தம்பினுக்கு நடந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த முதல் மாதமே என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். ரயில் இல்லாத ஊரில் என்னைக் கொண்டுவந்து தள்ளிவிட்டீர்களே என்று. நான் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தண்டவாளத்தை ஒட்டிய லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். சத்தத்தை வைத்தே வருவது மெயிலா கூட்ஸா என்று சொல்லிவிடுவேன். நாங்கள் குடியேறிய காஜா பேராங்கில் விடிந்தால் சைக்கிள் மணியும் சேவலும்தான் கேட்கும். இருந்த ரயிலை யுத்தத்தில் ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போனதற்குத் தன்னைத் திட்டினால் எப்படி என்றார் அவர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் திட்டினேன்.

எனக்கு நடக்கப் பிடிக்கும். காரியம் எதுவும் இல்லாமல் நடப்பது இன்னும் பிடிக்கும். இந்தப் பழக்கம் எங்கள் தெருவில் பெரிய செய்தியாகிவிட்டது. கையில் பையில்லாமல், கூடையில்லாமல் ஒரு பெண் காலையில் கிளம்பினால் எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். சும்மா என்று தமிழில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 'மக்கான் ஆங்கின்', அதாவது காற்று வாங்கப் போகிறேன் என்று மலாயில் சொன்னால் விட்டுவிடுவார்கள். அதனால் மலாயில் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அப்படி நடக்கும்போதுதான் ஊருக்குப் பின்னால் நீளமாக, மேடாக, புல் மூடிக் கிடந்த அந்தப் பாதையைக் கண்டேன். தண்டவாளத்தோடு வளர்ந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலால் புல்லை விலக்கினால் கருங்கல் ஜல்லி. மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ரயில் ஓடிய வழி அது. புதையல் கண்டவள் மாதிரி வீட்டுக்கு ஓடிவந்து அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

அக்கா செட்டி வம்சத்தைச் சேர்ந்தவர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா, இடுப்பில் சாரோங். கோயிலில் என்னைவிட அதிக நேரம் நிற்பார். ஆனால் தமிழ் பேச வராது, எல்லாம் மலாய்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. நான் பாதையைக் கண்ட கதையைச் சொல்லி முடிக்கும் வரை காய் நறுக்கிக்கொண்டே இருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்களில் தன் புருஷனும் ஒருவர் என்று.

ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவரையும் பிடித்தார்களாம். மலாக்கா முனையிலிருந்து பெயர்த்துக்கொண்டே தம்பின் பக்கம் போனார்கள். ஆரம்பத்தில் தினமும் பொழுது சாய்கையில் சைக்கிளில் வீடு திரும்புவார். இன்றைக்குச் செங் ஊர் வரை வந்துவிட்டோம், இன்றைக்கு இன்னும் ஒரு கட்டை என்று மைல் கணக்குச் சொல்லுவார். கடைசியாக வந்த அன்று, ஒரு தோட்டத்தின் பக்கம் செங்கல் மதகு வரை பெயர்த்தாகிவிட்டது, இனிமேல் தூரம் அதிகம், அங்கேயே தங்கிவிடுவேன் என்று சொல்லிப் போனார். பெயர்த்த தண்டவாளத்தோடு ஆட்களையும் அங்கே ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டதுதான். ஆள் வரவில்லை, சேதியும் வரவில்லை. மதகு வரை எனக்குத் தெரியும், அதற்கு அப்பால் தெரியாது என்றார் அக்கா. அந்த வழியைத் தம்பின் வரை நடந்து பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்டிருந்த ஊரடங்கெல்லாம் எங்கள் பக்கம் முன்பே எடுத்தாகிவிட்டதால் காட்டுப் பக்கம் போகத் தடை இல்லை. ஞாயிறு தோறும் காலையில் கிளம்பி வெயில் ஏறும் வரை நடப்போம். நிறுத்திய இடத்தில் ஒரு மரத்தில் துணித்துண்டு கட்டிவிட்டு, ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து வீடு திரும்புவோம். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் அந்த இடத்துக்கே போய், துணியை அவிழ்த்துக்கொண்டு நடையைத் தொடருவோம். நான் வீட்டில் தையல் தைப்பவள், துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. எங்கிருந்து எங்கே என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே வேடிக்கை. "பாதியில உக்காந்துட்டா ஆள் அனுப்புங்க, வந்து தூக்கிட்டு வரேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். ஒவ்வொரு வாரமும் எனக்கு எரிச்சலாக வந்தது.

ஓடைகளின் மேல் பாலம் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்குவேன். அக்கா சாரோங்கை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிடுவார். ஜூலை கடைசியில் ஒரு ஞாயிறு, ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் செங்கல் மதகு வந்தது. அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பலா மரம். அன்று என் பையில் வழக்கமாகக் கட்டும் வெள்ளைத் துணி இல்லை, ரவிக்கை உள்துணியில் மிஞ்சிய மஞ்சள் துண்டுதான் இருந்தது. அதை எடுத்துக் கட்டினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போயிற்றோ.

மறு வாரம் அக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். போதும், இத்தோடு விடுங்கள் என்று தெருவே சொன்னது. நானும் மனசுக்குள் விட்டுவிட்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் தோரணம், கொடி. அன்று சாயங்காலம் அக்கா வேலிப் பக்கம் வந்து, நாளைக்கு ஞாயிறு என்றார். நான் முழங்காலைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காலையில் முதல் பஸ் பிடித்தோம்.

மதகுக்கு வந்தால், பலா மரத்தடியில் ஒரு சாமி. என் மஞ்சள் துணிக்கு மேல் குங்குமம். அடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். கற்பூரம் எரிந்த கரி, வாழைப்பழத் தோல், எலுமிச்சம்பழம். தோட்டத்துப் பெண் ஒருத்தி குடத்துத் தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள், அக்கா வயது இருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மறைக்கத் தெரியாத வாய் எனக்கு. அது நான் அடையாளத்துக்குக் கட்டிய துணி, ரவிக்கை தைத்து மிஞ்சியது என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "இருக்கட்டுமே. உங்க கை இங்க வந்து கட்டணும்னு இருந்திருக்கு" என்றாள். பிறகு இந்தக் காட்டில் என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். அவள் அக்காவின் நெற்றியைப் பார்த்தாள், கெபாயாவைப் பார்த்தாள். இவர் தமிழா என்று கேட்டாள். விபூதி உண்டு, தமிழ் வராது, மலாக்காச் செட்டி என்றேன்.

குடத்தைக் கீழே வைத்தாள். "இப்படி ஒரு ஆள் இங்க இருந்தாரே" என்றாள்.

தண்டவாளம் பெயர்த்தவர்களை அந்தப் பெண்ணின் லயத்தில், காலியாய்க் கிடந்த ஒரு வீட்டில்தான் தங்கவைத்திருந்தார்களாம். பத்து நாளோ, பன்னிரண்டு நாளோ. அவர்களில் ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார், வாயைத் திறந்தால் மலாய். லயத்துப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு தமிழ் சொல்லச் சொல்லிச் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் மலாயில் சொல்லச் சொல்ல அக்கா அசையாமல் கேட்டார். விபூதி பூசுகிறவர்கள் எத்தனையோ பேர் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். அந்த ஆள் கருவாடு சாப்பிட்டாரா?

கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அதைத் தொடவே மாட்டாரு. அவர் பங்கு எங்க வீட்டுப் பூனைக்கு. மரவள்ளிக்கிழங்குதான், மூணு தரம் வாங்கிச் சாப்பிடுவாரு. எங்கம்மா அவருக்குன்னு தனியா எடுத்து வைக்கும். போற அன்னைக்கும் சாப்பிட்டுத்தான் போனாரு."

அக்கா மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார். கருவாட்டு வாசனையே ஆகாது அவருக்கு, வீட்டில் சமைக்கவே விடமாட்டார் என்று மெதுவாகச் சொன்னார். அழுதார். நானும் அழுதேன். அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அக்கா தன் கொண்டையில் இருந்த பூவை எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்தார். மஞ்சள் துணியை நாங்கள் அவிழ்க்கவில்லை.

தம்பினுக்கு இன்னும் ஐந்து கட்டை. இந்தக் காலோடு வேண்டாம், சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன் என்றாள் அவள். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார். நாலு இடத்தில் உட்கார்ந்தார், ஐந்தாவது தரம் உட்காரச் சொன்னபோது என்னை முறைத்தார். எத்தனையோ பேரோடு நடந்திருக்கிறேன், அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை.

தம்பின் ஸ்டேஷனில் புதுக்கொடி பறந்தது. புல் பாதை முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தில் காலை வைத்தார். இரும்பு சூடு, ஆனாலும் காலை எடுக்கவில்லை. அங்கிருந்த ஊழியர் ஓடிவந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதட்டினார். மலாக்காவிலிருந்து, நடந்து, ரயில் பாதையில் என்று அக்கா மலாயில் சொன்னார். அங்கேதான் ரயில் பாதை இல்லையே என்றார் அவர். இருந்தது, எடுத்தது என் வீட்டுக்காரர் என்றார் அக்கா. அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களை நிழலில் உட்காரச் சொன்னார்.

ரெம்பாவ் வரை ரயிலில் போய் அடுத்த வண்டியில் திரும்பினோம். அக்கா ஜன்னலோரம், நான் எதிரில். எந்தச் சத்தம் என்ன சத்தம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் காதில் எதுவும் விழவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், தன் புருஷனைப் பற்றி அந்தப் பெண் தமிழில் கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல் என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மலாக்கா வரும் வரை உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எங்கே பாதியிலா என்று வழக்கம்போலத் தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி, தன் வாயால் தமிழில் சொன்னார்:

"சாப்பிட்டுத்தான் போனாரு."