அப்பா அணைத்த சூடம்

அப்பா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களான நீங்கள் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, பாவம், கடைசியில் மறதி வந்து கஷ்டப்பட்டார் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வீர்கள். அது கடைசியில் வரவில்லை. நீங்களெல்லாம் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிய நாட்களிலேயே வந்துவிட்டது. நமக்குத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லவே அவருடைய ஒரே மகளான நான் இதை எழுதுகிறேன்.

அப்பா கோம்பையில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்து, வாழைத்தார் சுமந்து, தம்பியான என் சித்தப்பாவை ஆளாக்கினார். எல்லா மலரிலும் சாந்த சொரூபி என்று எழுதுவார்கள். என் அப்பா முன்கோபி. காபியில் சீனி குறைந்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவரைப்போல ஒரு யோக்கியரைப் பார்க்க முடியாது. நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் அண்ணன் தம்பிக்குப் பொதுவாக நின்றது. ஒருநாள் அப்பா முறை, மறுநாள் சித்தப்பா முறை. வாழை வாடினாலும் அடுத்தவர் முறையில் அப்பா மோட்டார் அறைப் பக்கமே போகமாட்டார்.

பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. சொன்ன செய்தியையே சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி சொல்வார். உத்தமபாளையம் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புவார். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னோம். வயதின் தலையில் எதைப் போட்டாலும் அது தாங்கிக்கொள்ளும் அல்லவா?

அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போனது. சித்தப்பாவின் வாழை தார் தள்ளும் நேரம். அவர் முறைநாளில் போய்ப் பார்த்தால் கிணற்றில் சேறுதான் இருந்தது. எங்கள் பாத்தி ஈரமாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. சித்தப்பா டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்: "அண்ணன் தண்ணியக் களவாண்டுட்டாக."

களவாணிப் பட்டம் கட்டும்போதுகூடத் தம்பி மரியாதையை விடவில்லை என்பது பிற்பாடு எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அப்பா நேரே காளியம்மன் கோயிலுக்குப் போய், ஊர் பார்க்கச் சூடத்தை ஏற்றி, தம்பி முறையில் மோட்டாரைத் தொடவில்லை என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சூடம் அணைத்துப் பொய் சொன்னால் வீடு விளங்காது என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஊர் அவரை நம்பியது. சித்தப்பா தலை குனிந்தார்.

உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த நான் அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒங்கப்பா பொய் சொல்லல ஆத்தா. ஆனா மோட்டாரப் போட்டது அவுகதான். நான் கண்ணால பாத்தேன்."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும். இதற்கு என்ன செய்வது?

தேனியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். இது பைத்தியமில்லை, முற்றிய மறதி நோயும் இல்லை. வயதுக்கு வரும் மறதிக்கும் அந்த நோய்க்கும் நடுவே நிற்பது என்றார். குளிப்பார், உடுத்துவார், வெள்ளாமை பார்ப்பார். நேற்று நடந்தது மட்டும் மனதில் தங்காது. சிலருக்குத் தைராய்டு, சத்துக் குறைவு, மனச்சோர்வு காரணமாக இருந்தால் அதைச் சரிசெய்யத் தேறிவிடும். சிலருக்கு அப்படியே நிற்கும். சிலருக்கு முற்றும். இவருக்கு எது என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்.

வரும்போது பேருந்தில் அம்மா பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். ஊரில் இறங்கியதும் அப்பா வீட்டுக்கு வராமல் சித்தப்பா வீட்டுக்குப் போய், அரைஞாணில் கட்டியிருந்த மோட்டார் அறைச் சாவியை அவிழ்த்து நீட்டினார்.

"சூடத்த அணச்சதும் நாந்தான், மோட்டாரப் போட்டதும் நாந்தானாம்டா. ரெண்டும் நானா இருக்கயில இந்தச் சாவி எங்கிட்ட இருக்கக் கூடாது."

சித்தப்பா வாய்விட்டு அழுதார். அப்பா அழவில்லை. அவருக்கு என்ன வருகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அது நிற்கவில்லை. முதலில் தோட்டத்து வழி போனது, பிறகு பேரப்பிள்ளைகள் பெயர், கடைசியில் நான். மார்ச்சளியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு முகம் கோணாமல் சோறூட்டிய அம்மாவுக்கும், வழி தப்பி நின்றபோதெல்லாம் கைப்பிடித்துக் கூட்டிவந்த ஊராருக்கும், பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும்விடச் சித்தப்பாவுக்கு. அப்பா முறைநாளில் அவரே அறையைத் திறந்து, அண்ணன் கையாலேயே சுவிட்சைப் போடவைப்பார்.

போன வாரம் இந்த மலருக்குப் படம் கொடுக்கச் சித்தப்பா வந்தார். கொடுத்துவிட்டுப் போனவர், கொஞ்ச நேரத்தில் அதே படத்தைக் கேட்டுத் திரும்பி வந்தார், மலருக்குக் கொடுக்க வேண்டுமாம். மேசைமேல் கிடந்த படத்தைக் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரைஞாணைத் தடவிச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

"எதுக்கும் இது ஒங்கிட்ட இருக்கட்டும்த்தா."

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை அவரைத் தேனிக்கு அழைத்துப் போகிறேன்.