அம்மா அனுப்பிய குங்குமப்பூ

இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்டுக்கு அந்தச் சின்ன டப்பா வந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். சென்னைக்கு லீவில் போய்த் திரும்பிய ஆபீஸ் தோழி அதைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். காஷ்மீருக்குச் சுற்றுலா போன யாரிடமோ அம்மா சொல்லிவைத்து வாங்கியது. கொஞ்சூண்டு குங்குமப்பூவுக்கு நாலு பேரைப் பிடித்திருந்தாள். தினமும் பாலில் போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம்.

"என்னைப் பார்த்தப்புறமும் உங்கம்மா ஹோப்பை விடலையே," என்றார் கணவர். அவர் நல்ல கருப்பு. நானும் ஒன்றும் குறைச்சலில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்காமல் அவள் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து செய்ய முடியாத குறைக்கு இதையாவது அனுப்பினாள், பாவம். குடித்துத் தொலைப்போம் என்று முதல் நாள் பாலில் சேர்க்கும் முன் ஊறவைக்க நாலு இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் ரத்தச் சிவப்பானது, இழைகள் வெளுத்துப்போய் மிதந்தன. நல்ல குங்குமப்பூ மெதுவாக மஞ்சள் நிறத்தைத்தான் விடும், இழை சட்டென்று வெளுக்காது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். கசக்கவேண்டியது இனித்தது. சாயம் ஏற்றிய ஏதோ நார்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. டப்பாவை மூடிக் குப்பையில் போட்டேன்.

ஆனால் அவள் விடுவாளா? காலையில் நான் ஆபீஸ் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வீடியோ காலில் வந்துவிடுவாள். "பால் குடிச்சியாடி? டம்ளரைக் காட்டு." வெறும் பாலைக் காட்டினால் கண்டுபிடித்துவிடுவாளே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கிக் காட்டினேன்.

"பாரு, என்ன கலர்! ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்," என்று பூரித்துப்போனாள்.

போலிக்கு ஒரு போலி. அதை மடக்கென்று விழுங்கிவிட்டு, வீங்கிய காலை ஷூவில் திணித்துக்கொண்டு காரை எடுப்பேன். நாலு மாதம் இப்படியே ஓடியது. பொய் சொல்வது பழகிவிட்டது, அந்தப் பால்தான் கடைசிவரை பழகவில்லை.

மகள் பிறந்தாள். அப்பாவின் நிறம் அப்படியே. கண்ணை மூடினால் போதும் என்று கிடந்த என் மார்பில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். அம்மா கொஞ்சினாள், அழுதாள். பிறகு திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் குங்குமப்பூ டூப்ளிகேட்டா இருந்திருக்கும்டி. நல்லா ஏமாத்திட்டானுங்க. ஒரிஜினலா பார்த்து அனுப்பியிருந்தா குழந்தை இப்படி இருந்திருக்காது. தப்பு என் மேலதான்."

டப்பாவைப் பொறுத்தவரை அவள் சொன்னது உண்மை. நாலு மாதப் பொய்யை இறக்கிவைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், என் மகள் எவனோ ஒரு கடைக்காரன் செய்த மோசடியில் கெட்டுப்போன குழந்தையாகிவிடுவாள். எனக்குக் கோபம் வந்தது. கத்தத்தான் தெம்பில்லை.

"இல்லம்மா. அது சுத்தமான ஒரிஜினல்," என்றேன். "ஒரு நாள் விடாம குடிச்சேன். இவ கலரே இதுதான்."