துண்டுக்கடியில் ஒரு விலை

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டதால், நானும் மனைவியும் ஓரிக்கைக்கு மனை பார்க்கப் போனோம். தரகர் ஒல்லி, சட்டையைவிடத் தோள்துண்டு வெள்ளை. விலையை வாயால் சொல்லமாட்டார். மாட்டுச் சந்தைபோலத் துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்துக் காட்டினார். விரலுக்கு ஒரு லட்சம்.

"எதுக்குங்க இந்த ரகசியம்?"

"பக்கத்து மனைக்காரர் பாத்துக்கினு இருக்காரு சார். காதுல விழுந்தா அவரும் ஏத்திடுவாரு."

என் பத்து விரல்களும் தீர்ந்தன. விலை தீரவில்லை.

"அம்மாவையும் கை நீட்டச் சொல்லுங்க சார்."

என் மனைவி வளையல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாடகைக்கு ஒரு வீடு இருக்குது சார். அதுக்கு உங்க கையே போதும்."

அதில்தான் இருக்கிறோம். வாடகை கொடுத்ததும் என் கையில் ஒரு பைசாகூட மிஞ்சுவதில்லை. விரலைத் தொட்டுப் பார்த்தே தரகர் எப்படிக் கணித்தார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.