பேர் சொல்லாத குரல்

மண்டோர் அண்ணனை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, அவர் எல்லார் வீட்டுக்கும் போன் செய்தார்.

நான் ஈப்போவில், வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஒரு சுகாதார அமைப்பில் குப்பை கொட்டுகிறேன். பீடோர் பக்கம் பழைய ரப்பர் தோட்ட லயங்களில் இன்னும் குடியிருக்கிறவர்களுக்கு, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நினைவுபடுத்தத் தினமும் காலையில் ஓர் அழைப்பு போகும். அனுப்புவது கணினி, பேசுவது முன்பே பதிந்து வைத்த குரல். முதலில் யாரோ ஒரு பெண் செய்தி வாசிப்பதுபோலப் பேசிய பதிவைப் போட்டோம். ஏதோ விற்க வருகிறார்கள் என்று பாதிப் பேர் வெட்டிவிட்டார்கள். அதனால்தான் அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவரை அழைத்து வந்தோம். ரப்பர் காலத்தில், விடியுமுன் தொழிலாளர்கள் கூடி நிற்கும் பெரட்டில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பியவர். அவர் கூப்பிட்டால் இன்றைக்கும் கால் தானாக எழுந்துவிடும் என்று லயத்தில் சிரித்தார்கள்.

நான் எழுதிக் கொடுத்த தாளை அண்ணன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிவிட்டுத் தன்பாட்டுக்குப் பேசினார். “அண்ணே, அக்கா, மாத்திரை போட்டாச்சா? வெறும் வயித்துல போடாதீங்க. சரி, நாளைக்கு வாரேன்.” அவ்வளவுதான். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கோப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டார். சாவு வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. நானும் சொல்லாமல்தான் எழுந்து வந்தேன். மறுநாள் காலை, லயத்தில் வீடு வீடாகப் போன் அடித்தது. நாளைக்கு வாரேன் என்றார் அண்ணன். கணினிக்குச் சாவு தெரியாது, அதற்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெரியவர் கைபேசியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார். அழைப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என் எண்ணையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தேன். குளித்துவிட்டு வந்து எடுத்தேன். ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பயமாக இருந்தது.

உடனே நிறுத்துவதாகச் சொல்லத்தான் அண்ணன் மனைவியிடம் போனேன். அந்த அக்காவுக்கும் இனிப்பு நீர், அவருக்கும் அழைப்பு வரும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நிறுத்தாதம்மா. காலையில அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு.” வேண்டாம் என்றவர்களின் எண்களை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு விட்டுவைத்தோம்.

போன வருஷம் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். அண்ணன் குரலை ஒரு இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டார்களாம். இனி எதை எழுதினாலும் அந்தக் குரல் பேசுமாம். நோயாளிகளின் பெயர்களையும் அதோடு சேர்த்து, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்க வைக்கலாமாம். மற்ற நாட்டுத் தமிழர்களுக்கும் உதவுமாம். மாதிரியும் இணைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரிடம் எப்போது கேட்டீர்கள் என்று மேலாளரிடம் கத்தினேன். கையெழுத்து இருக்கிறதே என்றார். மாத்திரையை ஞாபகப்படுத்தக் கொடுத்த குரல் அது, எதை வேண்டுமானாலும் சொல்ல இல்லை என்றேன். கடைசியில் அக்காவிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இறங்கி வந்தார்.

அக்கா வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றால் அதோடு நின்றுவிடும், கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம் என்றேன். மாதிரியைப் போடச் சொன்னார்.

அண்ணன் குரல்தான், சந்தேகமே இல்லை. அக்காவின் பேரைத் தெளிவாகச் சொன்னது. வணக்கம் வைத்தது. மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா என்றது.

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“அவரு எம் பேர ஒருநாளும் சொன்னதில்லம்மா.”

பிறகு அவரே சொன்னார். பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிடுவார் அண்ணன். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் அக்காவின் முறை வரும்போது மட்டும் பேர் சொல்லாமல் ஒரு தடவை செருமுவார், அக்கா முன்னால் வந்து நிற்பார். ஆட்கள் கேலி செய்வார்களாம். வீட்டிலும் அதே செருமல்தான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் கூப்பிடுவது.

“காலையில போன்ல மொதல்ல செருமுறாருல்ல, அதுக்குத்தான் எடுக்கறேன். இதுல அது எங்கம்மா?”

இயந்திரத்துக்குக் கொடுக்குமுன் சத்தங்களைத் துடைத்துச் சுத்தம் செய்ததாக மின்னஞ்சலில் பெருமையாக எழுதியிருந்தது. அதோடு செருமலும் போயிருக்கிறது.

“இத அழிச்சிருங்க. காலையில வரதையும் நிறுத்திருங்க, வேணாம்னு சொல்லாதவங்களும் பயந்துக்கிட்டுதான் எடுக்கறாங்க. அந்தச் செருமல மட்டும் எனக்கு வெட்டிக் கொடும்மா. மத்தது ஊருக்குச் சொன்னது.”

அங்கேயே உட்கார்ந்து வெட்டி, அவர் கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மூச்சு நேரம்கூட இல்லாத துண்டு. அக்கா அதைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். யாரோ கூப்பிட்டதுபோல நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார். போய்வருகிறேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லாமலே கிளம்பினேன்.

ஈப்போவில் எங்கள் கணினியில் இருந்ததை நானே அழித்தேன். அழித்துவிட்டதாகத் தலைமையகத்திலிருந்தும் பதில் வந்தது. எத்தனை நகல் எடுத்தீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். திரும்பவும் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அண்ணன் உயிரோடு இருந்தவரை வாயில் வராத அக்காவின் பேர், அவர் குரலில் எங்கோ இருக்கிறது.