வலிக்காத ஆபரேஷன்

பித்தப்பையில் கல் இருக்கிறது, பையோடு எடுத்துவிட வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெள்ளிமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து நான் பகலில் படுத்ததே இல்லை. அங்கன்வாடி வேலை, அது முடிந்தால் மாடு, தண்ணீர்க் குடம், கொல்லைக்காட்டு வேலை. ஆபரேஷன் என்றால் படுத்துத்தானே ஆகவேண்டும். அதுவும் சாமை அறுப்பு நேரம். இந்த வருஷம் முதுகு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஆபரேஷனுக்கென்று ஒரு முறை உண்டு. செய்துகொண்டவர் முனக வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பிரெட்டையும் ஆப்பிளையும் வைத்துவிட்டு, முனகலைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். முனகல் எவ்வளவு பலமோ அவ்வளவு நாள் யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். இதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அறுப்பைப் போட்டுவிட்டு வரமுடியாது என்று வீட்டுக்காரர் மலையிலேயே இருந்துவிட்டார். துணைக்கு வந்தவர் மாமியார்.

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் வயிறு வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். தொப்புளில் ஒன்று, அதற்கு மேலே, பக்கத்தில் என்று சின்னச் சின்னப் பிளாஸ்திரிகள். வலது தோள்பட்டை மட்டும் கொஞ்சம் குத்தியது. வயிற்றுக்குள் காற்று ஏற்றித்தான் இந்த ஆபரேஷனைச் செய்வார்களாம், அது தோளில் காட்டுமாம். மற்றபடி ஒன்றுமில்லை.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "வயிறு வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "வலிக்காது. தொளை போட்ட எடத்துலல்லாம் மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் தையல் போட்டேன்."

இதை என் காதோடு சொல்லியிருக்கலாம். மாமியார் கட்டிலை ஒட்டியே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரு, அறுத்தீங்களா இல்லியா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே புளியங்கொட்டை அளவில் கற்கள். மாமியார் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், குலுக்கியும் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"கல்ல எடுத்துட்டாங்கடா. நல்லாத்தான் இருக்கா, ஒரு வலியும் இல்லியாம். நாளைக்கு வுட்டாங்கன்னா வூட்டுக்கு வந்துடுவோம். அறுக்க ஆளுங்க கிட்ட சொல்லாத, நாங்களே வந்து அறுத்துக்கறோம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமியார்மேல் இல்லை, டாக்டர்மேல். கேட்டேனா நான், ஊசி போடுங்கள் என்று?

மத்தியானம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வீட்டுக்காரரின் சித்தி பார்க்க வந்தார். நல்ல சந்தர்ப்பம் என்று முனகிப் பார்த்தேன். கொட்டாவி மாதிரிதான் வந்தது. "தூக்கம் வருது போல, தூங்கட்டும்" என்று ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் சிஸ்டர் மாத்திரையோடு வந்தார். "இப்பவே போட்டுக்கோங்க. மரப்பு வுட்டுப்போச்சுன்னா வலி தெரியும். கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக்கூடாது, குனிஞ்சு வேலை செய்யக்கூடாது."

மாமியார் உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கே இப்புடி சொல்றீங்க. எனக்குக் கேம்ப்புல குடும்பக்கட்டுப்பாடு பண்ணப்ப ஊசி போட்டும் ஒண்ணும் மரக்கல. கத்தி எறங்கறது முழுக்கத் தெரிஞ்சுது. கத்துனேன், வாயில துணிய வெச்சாங்க. மறுவாரமே கொல்லை வேலைக்குப் போயிட்டேன்."

இது எனக்குப் பழைய கதை. எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் இதை ஒருமுறை சொல்வார். ஆனால் அன்றைக்கு சிஸ்டரிடம் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்டார். "இந்த மருந்தெல்லாம் இப்பத்தான வந்துக்குது?"

"இது ஜாஸ்தி நேரம் நிக்கும். மத்தபடி மரத்துப்போற ஊசி எப்பவோ வந்துடுச்சும்மா. உங்களுக்குப் போட்டதும் நல்ல மருந்தாத்தான் இருக்கும். போட்டுட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும், கிள்ளிப் பாத்துட்டுக் கத்தி வெக்கணும். காத்திருக்காம பண்ணிட்டாங்க போல."

"காத்திருந்தா மரத்துப் போயிருக்குமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் போதும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். புடவைக்கு மேலாகவே அவர் கை அடிவயிற்றுக்குப் போனது. "வெளில வரிசையா பொம்பளைங்க உக்காந்துக்கினு இருந்தாங்க" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அப்படி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மறுபடியும் மகனைக் கூப்பிட்டார்.

"ஆளுங்கள வெச்சு அறுத்துக்கடா. அவளால ஆவாது... தண்ணியா? நீயே போய் மொண்டுக்கினு வா."

எனக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து உட்காரப் பார்த்தேன். "அத்த, எனக்கு இன்னும் வலியே தெரியல" என்றேன்.

"வலிக்கலன்னா இன்னா?" என்று என் தோளைப் பிடித்துத் தலையணையில் சாய்த்தார். "படு."