கிரேக்கத்து அம்மாவுக்குக் கண் திறந்தேன்

ஒரு ஓட்டல் தோட்டத்துக்கு நான்கு சிலைகள் கேட்டிருந்தார்கள்: எகிப்து ராஜா, சீன வீரன், நம்ம பல்லவ துவாரபாலகர், கிரேக்கப் பெண். உலக வரலாறே மாமல்லபுரத்தில் என் தகரக் கொட்டகைக்குள் வந்து நின்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவுக்குத் தினமும் குட்மார்னிங் வேறு சொன்னேன்.

கடைசியாகக் கிரேக்கப் பெண். இரண்டு மாத வேலை, வெள்ளை மார்பிள். ஓட்டல்காரர்கள் தந்த படத்தில் அவள் கண்ணில் பாவையே இல்லை. பிரிண்ட் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பட்டறைகளில் எந்தச் சிலைக்கும் கண் திறப்பதுதான் கடைசி வேலை. காலையில் குளித்து, கற்பூரம் காட்டி, மெல்லிய உளியால் இரண்டு பாவைகளையும் கொத்தினேன். அம்மா என்னையே பார்த்தாள். எனக்குப் புல்லரித்தது.

பாலிஷ் போடும் என் மச்சான் போனை நீட்டினான்.

"மாமா, இத்தப் பாரு. இவங்க ஊர்ல ஒருத்திக்கும் கண்ணுல பாவை இல்ல. நீ இன்னா பண்ணி வெச்சிகீற?"

போனில் தேடித் தேடிப் பார்த்தேன். அத்தனை சிலைகளும் வெள்ளை முழியோடு என்னை முறைத்தன. அந்த நேரம் பார்த்து ஓட்டலின் தோட்டத்தை வடிவமைக்கும் மேடத்தின் போன்: "கோவளம் தாண்டிட்டேன் அண்ணா, சிலையைப் பாத்துட்டு ஓகே சொல்லிடறேன்."

ஓகேவா! கல்லில் கொத்தியது கொத்தியதுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டு மாதம் போச்சு. கல்பொடியையும் பசையையும் குழைத்துக் கண்களில் அப்பினேன்.

"கண்ணாஸ்பத்திரிலேந்து டிஸ்சார்ஜ் ஆன மாறி கீது மாமா. ஒரு கூலிங் கிளாஸ் மாட்டி வுட்ரு."

சத்தியமாகச் சொல்கிறேன், சட்டைப்பையில் என் கூலிங் கிளாஸைத் தேடினேன்.

மேடம் வந்தார். சிலையைப் பார்த்தார். "கண்ணுக்கு என்னாச்சு?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மை முழுவதும், கற்பூரம் உட்பட, கொட்டிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் நின்றது.

"அண்ணா, கிரேக்கக்காரங்களும் கண்ணு வரைஞ்சவங்கதான். பெயிண்ட் அடிச்சாங்க. காலப்போக்குல அது அழிஞ்சுபோச்சு. நாமதான் வெறும் முழின்னு நெனச்சுக்கிட்டோம். சீனாவுலயும் சிலைக்குக் கண் திறப்பாங்க. எகிப்துல வாய் திறக்கவே ஒரு சடங்கு இருந்துச்சு. இவ பார்க்கட்டும், பசையை எடுங்க."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அத்தனை ராஜாக்கள் காலத்திலும் என்னைப்போல் ஒருத்தன் குளித்துவிட்டு சிலை முன்னால் நின்றிருக்கிறான்!

பசை அதற்குள் இறுகிவிட்டது. சுரண்டி எடுக்கச் சாயங்காலம் ஆனது.

"அப்ப ராஜாவுக்கு வாயத் தொறந்துடலாமா மாமா?" என்றான் மச்சான்.

வேண்டவே வேண்டாம் என்றேன். நான் கூலிங் கிளாஸ் தேடியதை நேரில் பார்த்தவர் ராஜா.