கோடு மட்டும் மிஞ்சிய பலகை

மலாக்கா பக்கம் குருபோங்கில் நாங்கள் வாங்கியது வரிசையின் கடைசி வீடு. முருங்கை வைக்க இடம் இருக்கிறது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். காரை நிறுத்தியது போகப் பக்கவாட்டில் இன்னொரு காருக்கு இடம் இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த இடத்துக்குத் தகரம் போட்டு, சுவரில் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, அதைக் கராஜ் என்று சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் கொட்டகை என்றார்கள்.

நான் வேலை செய்த ஃபேக்டரியில், மெஷின் பழுது பார்க்கும் பகுதியில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சாமானும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்திருப்பார்கள். ஷிஃப்ட் முடியும்போது ஒரு கோடு காலியாக இருந்தால், எடுத்தவன் கொண்டுவந்து மாட்டும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அந்தப் பழக்கத்தை என் பலகைக்கும் கொண்டு வந்தேன். ஆனால் நான் என்னிடம் இல்லாத சாமானுக்கும் சேர்த்துக் கோடு போட்டேன். எது எது இனிமேல் வாங்க வேண்டும் என்று பலகையைப் பார்த்தாலே தெரியும்.

சாமான் தேர்ந்தெடுக்கத் துணைக்கு வந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். கிட்டத்தட்ட என் வயது. அலோர் காஜா பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு என் காரில் ஏறிக்கொள்வார். மலாக்கா டவுனில் இருந்த ஹார்ட்வேர் கடைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் மாறி மாறிப் போவோம். அவரைப் போல இரும்பு பார்க்கத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது, ஆனால் உண்மை அதுதான்.

பெட்டியில் பளபளவென்று அடுக்கிவைத்த ஸ்பேனர் செட்டைப் பார்த்து நான் வாயைப் பிளந்தால் கையைப் பிடித்து இழுத்துவிடுவார். அதில் பாதி நாம் வாழ்நாளில் தொடாத அளவு என்பார். நம் கார்களுக்குப் பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு போதும், அவற்றை நல்ல இரும்பாகத் தனித்தனியாக வாங்க வேண்டும், பத்தை மட்டும் இரண்டாக வாங்க வேண்டும், ஏனென்றால் எப்போதும் தொலைவது அதுதான். பிளையரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ராச்செட்டைக் காதோரம் வைத்துத் திருகுவார். சத்தம் நெருக்கமாகக் கேட்டால் உள்ளே பல் நெருக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டது, கை அசைக்க இடமில்லாத இடுக்கிலும் நட்டைக் கழற்றிவிடும்.

சுத்தியல் வாங்கிய அன்று அது எனக்குக் கனமாக இருந்தது. சொன்னேன். பழகிவிடும் என்றார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியும் என் விரல்களுக்குத் தடிமன். அவருக்கு என்னைவிடப் பெரிய கை. இப்போது யோசித்துப் பார்த்தால், ஒரு சாமானைக்கூட அவர் என் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. தன் கையில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்புவார். நான் பர்ஸை எடுப்பேன்.

இரண்டு குடும்பமுமாக உம்பாய்க் கடற்கரைக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போயிருந்தபோதுதான் சொந்தமாக மெக்கானிக் கடை போடும் பேச்சு வந்தது. நான் நைட் ஷிஃப்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் தூங்கி, சாயங்காலம் ஃபேக்டரி பஸ் ஏறி, விடிய விடிய ஏசிக் குளிரில் மெஷினோடு நின்று, பிள்ளைகளின் முகத்தைச் சரியாகப் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது என்று சொன்னேன். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, ஒன் பலகை நெறையட்டும். அன்னைக்கே ஃபேக்டரிய விட்டுரு. நானும் எங்க கடை டவுக்கேகிட்ட வேலைய விடுறேன்னு சொல்லிட்டு வந்துர்றேன். ரெண்டு பேரும் சேந்து கடை போடுவோம்லா" என்றார்.

என் மனைவி பிள்ளைகளுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பலகையை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது. ஒரு கோடு நிறைந்தால் ஃபேக்டரியிலிருந்து ஓர் அடி வெளியே வந்ததாகக் கணக்கு. ஓவர்டைம் கிடைத்தால் விடவில்லை. எல்லாச் சாமானின் பிடியிலும் நீல பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டேன். நாளைக்குப் பெரிய கடை என்றால் வேறு யாருடைய சாமானோடும் கலந்துவிடக் கூடாது அல்லவா? கடைசியாக மிஞ்சியது டார்க் ரெஞ்ச், நட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்தச் சொல்லும் நீளமான சாமான். அதை மாட்டிய அன்று பலகையில் ஒரு கோடும் காலி இல்லை. நான் நாற்காலியைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்த வாரம் என் அப்பா இறந்துபோனார். எல்லாம் தள்ளிப்போனது. அப்பா காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆயுத பூஜை வந்தால் கத்தியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் படுக்க வைப்பார். மறுநாள் காலைவரை அதை யாரும் தொடக் கூடாது. காலையில் எடுத்து, அதைக் கொண்டு ஏதாவது ஒரு வேலை செய்த பிறகுதான் மற்றது. அவர் இறந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்குத் தீட்டு. தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, ஆயுத பூஜையும் கிடையாது. மற்றவை போகட்டும், இத்தனை ஆசையாகச் சேர்த்த சாமானுக்குப் பொட்டு வைக்க முடியாமல் போவது எனக்கு உறுத்தியது.

வழி சொன்னவர் மச்சான். தீட்டு எங்கள் பங்காளிகளுக்குத்தான், பெண் கொடுத்த வீட்டுக்கு இல்லை.

"கொடு மாப்பிள்ளை. எங்க வீட்டு சாமி முன்னால வெச்சுக் கும்பிட்டுட்டு மறுநாளே கொண்டாந்துர்றேன். ஒன் ஆயுதம் பொட்டு இல்லாம கெடக்க வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்குத் தோன்றும் இப்படி என்று நினைத்தேன். என் மனைவி பழைய துண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் துடைத்துச் சுற்றிக் கொடுத்தாள். நானே தூக்கிக்கொண்டுபோய், அவர் இரவல் வாங்கி வந்திருந்த வேனில் ஏற்றினேன்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால் வேன் கிடைக்கவில்லை என்றார், பிறகு உடம்பு சரியில்லை என்றார். கடைசியில் ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான், ரெம்பியாவில் உன் மச்சான் கடை திறந்துவிட்டாராமே, ஏன் எங்களையெல்லாம் கூப்பிடவில்லை என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அன்று தூங்காமல் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

புதுத் தகரம் போட்ட கடை. இரண்டு பக்கமும் கட்டிய வாழை காயத் தொடங்கியிருந்தது. உள்ளே யாரோ லாரி வைத்திருக்கும் ஒருவர் முதலாளி போல நாற்காலியில் இருந்தார். அவர்தான் பங்குதாரர் என்று பிறகு தெரிந்தது. சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் நீல வளையம். புதுக் கடை, நான் தீட்டுக்காரன், அதனால் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. இதற்குப் பிறகும் இவனுக்கு மரியாதை கொடுக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் தாண்டவில்லை.

மச்சான் வெளியே வந்தார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"பூஜைல வெச்சு, மொத வேலையும் இங்கயே செஞ்சாச்சு மாப்பிள்ளை. இப்ப எடுத்துட்டுப் போனா கடைக்கு ஆகாது. நீயும் இந்த வருஷம் உள்ள வரக் கூடாது பாரு, அதான் சொல்லல. வருஷம் முடியட்டும், பேசிக்குவோம்" என்றார்.

கத்தியிருக்க வேண்டும். உள்ளே புகுந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்க வேண்டும். செத்துப்போன என் அப்பாவை வைத்து என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டானே என்று அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நான் காரில் ஏறி வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொந்த அண்ணனே இப்படிச் செய்துவிட்டாரே என்று அழுகிறாள் என எடுத்துக்கொண்டேன். ஏமாந்தது நான் மட்டுமல்ல என்பது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கடைக் கனவு அதோடு போனது. அந்தச் சாமானையெல்லாம் மறுபடி முதலிலிருந்து வாங்க எனக்குத் தெம்பில்லை. அவரோடு உறவை வெட்டிக்கொள்ளவும் முடியவில்லை. எங்கள் தீட்டு முடிந்ததும் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது, அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். வந்தார், மடியில் உட்கார வைத்தார், சாப்பிட்டார், போனார். சாமான் பேச்சை எடுத்தால் கடை இன்னும் சொந்தக் காலில் நிற்கவில்லை என்பார். வருஷம்தான் முடிந்துவிட்டதே என்றாலும் அதே பேச்சுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மச்சானின் பெரியப்பா இறந்தார். இப்போது தீட்டு அவர்களுக்கு. கட்டிக் கொடுத்த பெண் என்பதால் என் மனைவிக்கு அது மூன்று நாளோடு சரி. பூஜையன்று மத்தியானம் வேன் வந்து வாசலில் நின்றது. மச்சான் பெட்டியை இறக்கினார். திறந்து பார்த்தேன். என் சுத்தியல், என் ராச்செட், என் டார்க் ரெஞ்ச். சில வளையங்கள் தேய்ந்திருந்தன. மற்றவற்றில் நீலம் அப்படியே இருந்தது.

"எங்க வீட்டுல இந்த வருஷம் கும்பிட முடியாது மாப்பிள்ளை. கடைச் சாமான், ஒண்ணும் கொறையாமப் பாத்துக்க" என்றார்.

குத்திக் காட்டவில்லை, நடிக்கவும் இல்லை. அவை யாருடையவை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பறித்துக்கொண்டு போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் கழுவித் துடைத்து, அவற்றைப் பலகையில் அதனதன் கோட்டுக்குள் மாட்டி, அங்கேயே சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். பலகை நிறைந்திருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று பலகையையே பார்த்தாள். பிறகு நான் பஸ் ஏறினேன். மெஷின் பக்கத்தில் நின்றபடி மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். காலையில் போனதும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து என் கார் நட்டு ஒன்றைக் கழற்றி மாட்டுவேன். மச்சான் வருவார். பூஜையில் வைத்து முதல் வேலையும் இங்கேயே செய்தாகிவிட்டது மச்சான், இப்போது எடுத்துப்போனால் கராஜுக்கு ஆகாது என்பேன். சிரிப்பாக வந்தது. அத்தனை சந்தோஷமாக நான் அந்த ஃபேக்டரியில் நின்றதே இல்லை.

காலையில் வந்தபோது பலகை காலியாக இருந்தது. கோடு மட்டும் இருந்தது. கீழே சிமெண்டில் குங்குமம் உதிர்ந்து கிடந்தது.

அவள் சமையலறை வாசலில் நின்றாள். அண்ணன் வந்து எடுத்துப் போய்விட்டாரா என்று கேட்டேன்.

"நான்தான் போன் பண்ணி சீக்கிரம் வரச் சொன்னேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பலகைய அப்படிப் பாத்ததும் பயந்துட்டேங்க. போன வாட்டியும் நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன், பூஜைக்குன்னு கேட்டு எடுத்துட்டுப் போயிரு, இதெல்லாம் இங்க இருந்தா இவரு வேலைய விட்டுருவாருன்னு. கடை போட்டது அவரா செஞ்சது. அது எனக்குத் தெரியாது."

உம்பாயில் அவள் முள் எடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. துண்டு கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது. வாயைப் பொத்தி அழுதது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. மச்சான் மேல் எனக்கு இருந்த கோபம் முழுவதும் வைக்க இடமில்லாமல் நின்றுவிட்டது. இவள் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெரியவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சாயங்காலம் பஸ் வந்தது. அவள் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டு ஏறினேன்.